மரபைக் காக்கும் சட்டங்களும் வீட்டில் பேசும் மொழியும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு, பண்பாட்டு மரபுரிமையையும் மொழிப் பன்மையையும் காப்பதற்கான சர்வதேச முயற்சிகள் என்பது. சமவாயங்களையும் பிரகடனங்களையும் வரிசையாக ஒப்புவித்தால் தேநீர் வேளைக்கு முன்னரே உங்களில் பாதிப்பேர் உறங்கிவிடுவீர்கள். ஆகையால் ஒரேயொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். உலக நாடுகள் ஒன்றுகூடி எதைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டிருக்கின்றன? எதைக் காப்பாற்றும் வேலை இன்னும் எங்கள் கையிலேயே விடப்பட்டிருக்கிறது?

முதலில் கல்லும் கட்டடமும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் பழைய நகரங்கள் தரைமட்டமாகின. அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது 1954ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம். போர்க்காலத்தில் நினைவுச் சின்னங்களையும் நூலகங்களையும் அரும்பொருளகங்களையும் தாக்கக்கூடாது என்று அது கூறுகிறது. எந்த மக்களின் பண்பாட்டுச் சொத்து அழிந்தாலும் அது மனிதகுலம் முழுவதன் இழப்பு என்ற கருத்து அதன் முகவுரையிலேயே உண்டு.

அடுத்து எகிப்து. அஸ்வான் உயர் அணை கட்டப்பட்டபோது நைல் நதிக்கரையில் இருந்த அபு சிம்பெல் கோயில்கள் நீரில் மூழ்கும் நிலை வந்தது. 1960இல் யுனெஸ்கோ உலகத்திடம் உதவி கேட்டது. பல நாடுகள் பணமும் பொறியியலாளர்களும் தந்தன. கோயில்கள் துண்டு துண்டாக அறுக்கப்பட்டு, ஏறக்குறைய 65 மீற்றர் உயரமான இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. 1968இல் வேலை முடிந்தது. பிற தேசத்துக் கோயிலுக்காக இத்தனை நாடுகள் ஒன்றுசேர முடியும் என்று கண்ட பின்னர்தான் 1972இல் உலக மரபுரிமைச் சமவாயம் உருவாயிற்று. இன்று எமது நாட்டில் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா, கண்டி, காலிக் கோட்டை, தம்புள்ளை, சிங்கராஜ வனம், மத்திய மலைநாடு ஆகிய எட்டு இடங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன.

ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதியை ஒட்டிய இரவில் எமது பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அப்போது ஹேக் சமவாயத்துக்கு வயது இருபத்தேழு. அதன்பின் 1992 ஆகஸ்டில் சரயேவோ நகரின் தேசிய நூலகமும் ஷெல் வீச்சில் எரிந்தது. கட்டடங்கள் இரண்டும் மீண்டும் எழுந்துவிட்டன. எரிந்த சுவடிகளுக்குப் பிரதி இல்லாதபோது அவற்றை எந்த நாட்டு நன்கொடையாலும் திருப்பித் தர முடியாது.

சட்டத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபிரிக்காவின் மாலி நாட்டில் திம்புக்டு என்ற பழைய நகரம் உண்டு. 2012இல் ஆயுதக் குழுக்கள் அதைக் கைப்பற்றி, அங்கிருந்த பெரியோர்களின் சமாதிக் கட்டடங்களை இடித்தன. அதற்குப் பொறுப்பானவர்களில் ஒருவருக்குச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பண்பாட்டுச் சின்னங்களை அழித்த குற்றத்துக்காக மட்டுமே அந்த நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் தடவை. இது பெரிய முன்னேற்றம்.

அதே திம்புக்டுவில் இன்னொன்றும் நடந்தது. அந்த நகரத்தின் பழைய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கையெழுத்துச் சுவடிகளை வீடுகளில் பேணிவந்தன. ஆபத்து வந்தபோது அந்தக் குடும்பத்தாரும் நூலகர்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கான சுவடிகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, தெரு வழியாகவும் ஆற்று வழியாகவும் தலைநகர் பமாக்கோவுக்கு இரகசியமாகக் கொண்டு சேர்த்தார்கள். இடித்தவருக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது நான்கு ஆண்டுகளின் பின். சுவடிகளை அந்த நேரத்திலேயே காப்பாற்றியவர்கள் வீட்டுக்காரர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனது பேச்சின் மீதி முழுவதும் இதைப் பற்றியதுதான்.

கல்லையும் ஏட்டையும் பற்றிப் பேசினோம். கையால் தொட முடியாத மரபுரிமைகளும் உண்டல்லவா? கூத்து, பாட்டு, நெசவு, வைத்தியம், சடங்கு, சமையல் எல்லாம் அவ்வகையின. இவற்றுக்காக 2003இல் யுனெஸ்கோ ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் இலங்கையின் ரூகட நாட்டியம் எனப்படும் பொம்மலாட்டம் 2018இலும், தும்பறைப் பாய் நெசவு 2021இலும் பட்டியலில் இடம்பெற்றன.

அந்தச் சமவாயத்தில் மொழிக்கு என்ன இடம் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வாய்மொழி மரபுகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில், மரபுரிமையைச் சுமந்து செல்லும் ஊர்தி என்ற அளவில் மட்டும் மொழி குறிப்பிடப்படுகிறது. ஊர்திக்கென்று தனிப் பாதுகாப்பு இல்லை. ஐரோப்பாவில் பிரதேச மொழிகளுக்கும் சிறுபான்மை மொழிகளுக்குமென 1992இல் ஒரு பட்டயம் செய்தார்கள். சிறுபான்மையினர் தம் மொழியைப் பயன்படுத்தும் உரிமையை 1966ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயம் சொல்கிறது. பிள்ளைக்கு அந்த உரிமை உண்டென்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் சொல்கிறது. 2022 முதல் 2032 வரையான காலத்தை ஐக்கிய நாடுகள் சபை பூர்வீக மொழிகளுக்கான பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. ஆனால் மொழிகளைக் காப்பதற்கென்றே உலக நாடுகள் யாவும் கைச்சாத்திட்ட தனிச் சமவாயம் எதுவும் இன்றுவரை இல்லை.

காரணம் ஊகிக்கக்கூடியதே. உலகில் ஏறக்குறைய ஏழாயிரம் மொழிகள் உண்டு, நாடுகளோ இருநூறுக்குள். சமவாயத்தில் கையொப்பம் இடுவன நாடுகள். மொழியைப் பேசுவன வீடுகள். நீ உன் பிள்ளையுடன் இந்த மொழியில்தான் பேச வேண்டும் என்று எந்த நாடும் ஒரு தாய்க்குக் கட்டளை இட முடியாது. இடவும் கூடாது. பேசும் உரிமையைச் சட்டம் தரலாம். பேச்சை அது தர முடியாது.

ஊர்தி போனால் சுமை என்னாகும்? பதில் எமது நாட்டிலேயே இருக்கிறது. புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில், ஆபிரிக்க வம்சாவளியினரான காபிர் சமூகத்தினர் வாழ்கிறார்கள். அவர்களது மஞ்சா என்ற பாடல்கள் இன்றும் கேட்பவரை எழுந்து ஆட வைக்கும். பாடல்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை. அந்த மொழியை வீட்டில் பேசும் வழக்கமோ அங்கே அற்றுப்போய்விட்டது. பாட்டு இருக்கிறது; பாட்டின் சொற்களில் ஒருவரோடொருவர் கதைக்க ஆளில்லை. அதே கிரியோலை மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சிலர் இன்னமும் பேசுகிறார்கள். வேடர்களின் மொழியும் மங்கிவருகிறது. தமிழுக்காகக் குரல் கொடுக்கும் நாங்கள் எம் அயலவரின் இந்தச் சின்ன மொழிகளையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

மொழி எப்படி மங்குகிறது என்பதை அளக்க 2003இல் யுனெஸ்கோவின் நிபுணர்கள் ஓர் அளவுகோல் செய்தார்கள். ஒன்பது விடயங்களைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பேசுவோர் தொகை, எழுத்து, ஊடகம், அரசின் கொள்கை எல்லாம் அதில் உண்டு. முதலாவதாக அவர்கள் வைத்தது, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு மொழி கடத்தப்படுகிறதா என்ற கேள்வி. அதற்கு ஆறு படிகள் உண்டு. எல்லா வயதினரும் பேசினால் பாதுகாப்பு. பிள்ளைகள் பேசினாலும் வீடு போன்ற சில இடங்களில் மட்டுமே பேசினால் அது தளர்ந்த நிலை. பிள்ளைகள் அதை வீட்டில் தாய்மொழியாகக் கற்காவிட்டால் நிச்சயமான ஆபத்து. பேரன் பேத்தி கண்டவர்கள் பேச, பெற்றோர் விளங்கிக்கொண்டாலும் பிள்ளைகளுடன் அதைப் பேசாவிட்டால் கடும் ஆபத்து. முதியவர்களும் அரைகுறையாக, எப்போதாவது பேசினால் அந்திம நிலை. ஆறாவது படி எதுவென்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஆறாவது படியை அந்தமான் தீவுகளில் 2010இல் கண்டார்கள். போ என்ற மொழியைப் பேசிய கடைசி ஆளாகிய போவா சீனியர் என்ற மூதாட்டி அந்த ஆண்டு காலமானார். அலாஸ்காவில் ஏயக் மொழி பேசிய கடைசிப் பெண்மணி மேரி ஸ்மித் ஜோன்ஸ் 2008இல் மறைந்தார். சொந்த மொழியில் ஒரு வார்த்தை சொன்னால் மறுவார்த்தை சொல்ல ஒருவரும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் இவர்கள்.

கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ் உலகில் அழியப்போவதில்லை. ஆனால் நான் சொன்ன படிகளை ஒரு சமூகத்துக்குப் பொருத்திப் பார்ப்பதோடு நில்லாமல், ஒரு வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேர்ணிலோ உள்ள ஒரு வீடு. அம்மம்மா தமிழில் பேசுகிறா. மகள் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் பதில் சொல்கிறாள். மகள் தன் பிள்ளையுடன் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுகிறாள். அந்த வீடு நிற்பது நாலாவது படியில். தமிழ் உலகில் பத்திரமாக இருக்கும். அந்த வீட்டில் இருக்காது. மொழி நாடு நாடாகப் போவதில்லை, வீடு வீடாகத்தான் போகிறது.

இதற்காக அந்த மகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. புதிய நாட்டில், பிள்ளை பள்ளிக்கூடத்தில் பின்தங்கிவிடுமோ என்ற பயம். இரண்டு வேலை பார்த்து இரவு பத்து மணிக்கு வீடு வரும் களைப்பு. வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள் என்று புத்தி சொன்னவர்களும் இருந்தார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பிள்ளையின் மூளை குழம்பிவிடாது என்று அன்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

தமிழ் போனால்தான் இழப்பு என்பதும் இல்லை. தமிழுக்குள் எமது தமிழ் என்று ஒன்று இருக்கிறது. இது, அது என்ற இரண்டு சுட்டுக்கும் நடுவில் எங்களுக்கு உது என்று இன்னொன்று உண்டு. இது என் கையில் இருப்பது. உது உங்கள் பக்கத்தில் இருப்பது. அது இருவருக்கும் அப்பால் உள்ளது. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துவிட்டது. ஈழத்தில் அது வாழ்கிறது. தொலைபேசியில் தாய் மகளிடம் "உங்கை குளிரோ?" என்று கேட்கிறாவே, அந்த "உங்கை" என்ற ஒரு சொல்லில் நீ இருக்கும் இடம் என்பது முழுவதும் அடங்கிவிடுகிறது. தென்னிந்தியச் சினிமாவிலிருந்தோ தொலைக்காட்சித் தொடரிலிருந்தோ எங்கள் பேரப்பிள்ளைகள் தமிழ் கற்கலாம், நல்லதுதான். ஆனால் உது அவர்களுக்குக் கிடைக்காது. பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல், பூரான், கடகம், நீத்துப்பெட்டி என்ற சொற்களும் கிடைக்கா. யுனெஸ்கோவின் எந்தப் பட்டியலிலும் இவை ஏறப்போவதில்லை. இவற்றின் பட்டியல் எங்கள் அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும்தான்.

சரி, நாலாவது படியில் நின்ற யாராவது மேலே ஏறியிருக்கிறார்களா? ஏறியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள்.

அவர்களது பழைய தலைமுறையில் பலர், பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கியவர்கள். அந்த வலி பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று அவர்களுடன் ஆங்கிலத்தில் பேசினார்கள். போரின் பின் கிராமங்களை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது மொழி இன்னும் வேகமாகக் குறைந்தது. 1970களில் மொழியைச் சரளமாகப் பேசியவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். 1972இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு, பள்ளிகளில் மாவோரி கற்பிக்க வேண்டுமென்று பாராளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள்.

மனுவோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1982இல் வெலிங்டனுக்கு அருகே வைனுயியோமாட்டா என்ற இடத்தில் முதலாவது கோகங்கா ரேயோ திறக்கப்பட்டது. அந்தப் பெயருக்கு மொழிக்கூடு என்று பொருள். பறவைக் கூடு போல. அங்கே பாடத்திட்டம் பெரிதாக இல்லை. பேரன் பேத்தி கண்ட முதியவர்கள், பெரும்பாலும் பெண்கள், பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுடன் நாள் முழுவதும் மாவோரியில் மட்டும் பேசினார்கள். சாப்பிடுவதும் விளையாடுவதும் அழுவதும் சமாதானமாவதும் அந்த மொழியிலேயே நடந்தன. நடுவில் இருந்த பெற்றோர் தலைமுறை தவறவிட்டதை, பாட்டிமார் நேரடியாகப் பேரப்பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இத்தகைய கூடுகள் எண்ணூறு வரை பெருகின. பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களுக்காக மாவோரி மொழிப் பள்ளிகள் வந்தன. அந்த மொழியை அரசகரும மொழியாக்கும் சட்டம் வந்தது 1987இல். கூடு முந்தியது, சட்டம் பிந்தியது.

பின்னாளில் கூடுகளின் தொகை குறைந்தது. மாவோரி மொழி இன்னும் பத்திரமான கரையைச் சேர்ந்துவிடவுமில்லை. ஆனாலும் இன்று அதை வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளிலும், பின்லாந்தின் இனாரி சாமி மக்களிடையேயும் இதே முறை பின்பற்றப்பட்டது.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு செய்தி. பெப்ரவரி 21 சர்வதேச தாய்மொழி தினம் என்பது உங்களுக்குத் தெரியும். 1952இல் அதே நாளில் டாக்காவில் வங்காள மொழிக்கு உரிமை கேட்டு ஊர்வலம் போன இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளை உலகம் நினைவுகூர வேண்டும் என்று முதலில் எழுதிக் கேட்டது ஓர் அரசாங்கம் என்று நினைக்கிறீர்களா? கனடாவின் வான்கூவரில் குடியேறியிருந்த ரஃபிகுல் இஸ்லாம், அப்துஸ் சலாம் என்ற இரண்டு வங்காளிகள். 1998இல் ரஃபிகுல் இஸ்லாம் ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பிற மொழிகள் பேசும் அயலவர்களையும் சேர்த்து ஒரு சிறு குழு அமைத்தார்கள். பங்களாதேஷ் அரசு விடயத்தை யுனெஸ்கோவுக்குக் கொண்டுபோனது. 1999 நவம்பரில் தீர்மானம் நிறைவேறியது. சர்வதேச முயற்சி என்று நாம் பெரிதாகச் சொல்வது பல வேளைகளில் புலம்பெயர்ந்த ஒருவரின் மேசையில் எழுதப்பட்ட கடிதமாகத்தான் தொடங்குகிறது.

ஆகவே எமது சங்கத்திடம் சில வேண்டுகோள்கள்.

உலகெங்கும் எமக்குக் கிளைகள் இருக்கின்றன. ஆண்டுக்கொரு இராப்போசனம் வைக்கிறோம். கல்லூரிக்குப் பணம் சேர்த்து அனுப்புகிறோம். வாழ்த்துக்கள். அதோடு ஒவ்வொரு கிளையும் ஒரு மொழிக்கூடு வைத்தால் என்ன? கட்டடம் வேண்டாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, யாராவது ஒருவர் வீட்டில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளைகளும் நாலைந்து அம்மம்மாமாரும். எழுத்து பிறகு வரட்டும். ரொட்டி சுட்டு, கதை சொல்லி, சண்டை தீர்த்து, எல்லாம் தமிழில். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் கோபிக்க வேண்டாம். நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். காதில் விழுந்தது ஒருநாள் வாயில் வரும்.

உங்கள் ஊரில் எண்பது வயதைக் கடந்தவர்கள் இருந்தால், அவர்கள் சம்மதித்தால், கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பேட்டி என்று பயமுறுத்தாதீர்கள். பனங்கிழங்கு எப்படிப் போடுவது, பெட்டி எப்படி இழைப்பது என்று கேளுங்கள். மிகுதி தானாக வரும். பேசியவர் பெயர், ஊர், திகதி மூன்றையும் மறவாமல் குறித்து வையுங்கள். இவை இல்லாத பதிவு, முகவரி இல்லாத கடிதம்.

பழைய கல்லூரிச் சஞ்சிகை, பரிசளிப்பு விழா அறிக்கை, நாடக நிகழ்ச்சி நிரல், விடுதியிலிருந்து எழுதிய கடிதம் என்று ஏதாவது உங்கள் அலுமாரியில் இருக்கும். வீடு மாறும்போது குப்பைக்குப் போவது முதலில் இவைதான். எறிய முன் படியெடுத்துத் தாருங்கள். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் சிறப்பு மலர்களையும் இணையத்தில் சேர்த்து வருகிறது. எரிந்த நூலகத்தை நினைந்து கவலைப்படுவதோடு, ஒரு பிரதி மட்டும் இருப்பதை இரண்டாக்குவதும் எங்கள் வேலை. இந்த நூற்றாண்டு மலரின் பிரதி ஒன்றும் அங்கே சேரட்டும்.

இன்றைய மாணவிகளே, உங்களுக்கும் ஒரு வேலை. பரீட்சைக்கு நல்ல தமிழ் எழுதுங்கள். வீட்டில் அப்பம்மா பேசும் தமிழைப் பிழை என்று திருத்தாதீர்கள். அதை எழுதி வையுங்கள்.

நூறு ஆண்டுகளின் முன் பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட ஒரு சமூகத்தில், எங்கள் பாட்டிமார் இந்த வாசலுக்குள் வந்தார்கள். அவர்கள் எங்களுக்குப் படிப்பைத் தந்தார்கள். படிப்போடு சேர்த்துப் பேச்சையும் தந்தார்கள். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் கிளைகள் நிதி அறிக்கை வாசிக்கும்போது, எத்தனை பிள்ளைகள் எங்கள் கூட்டில் தமிழ் கேட்டார்கள் என்ற கணக்கையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.